பார்க்காமலே எழுதிய மருந்துச் சீட்டு

ஏப்ரல் 14 கூட்டத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோது நடந்த சண்டை இது. பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, விடுதிச் சாப்பாடு, நிலுவையில் நிற்கும் கல்வி உதவித்தொகை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. எதிலும் யாருக்கும் மறுப்பில்லை. கடைசியில் நாங்கள் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம்: பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல் என்று வரும் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் பரிசோதித்துவிட்டே மருந்து தர வேண்டும். எழுதிக்கொண்டிருந்த தோழர் பேனாவை மூடினார். “இதெல்லாம் நோட்டீஸ்ல போடுற விஷயமா தோழர்? ஊர்க்காரன் படிச்சா சிரிப்பான்” என்றார். இன்னொருவர் கொஞ்சம் பதமாக, “பெண்கள் தனியாப் பேசிக்கட்டுமே” என்றார். வரி சேரவில்லை.

பேனாவை மூடியவர் நல்ல தோழர். வன்கொடுமை வழக்குகளுக்காக நீதிமன்றப் படியேறிச் செருப்பு தேய்ந்தவர். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நாங்கள் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சேரிகளில் பெண்களோடு வேலை செய்கிறவர்கள். கூலி பற்றிப் பேசப் போவோம், ரேஷன் அட்டைக்குப் போவோம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒருவர் மட்டும் போகாமல் நிற்பார். தலைப்பைத் திருகிக்கொண்டே, “பாப்பா, ஒண்ணு கேக்கணும்” என்பார். கேட்டால், “அடியில அரிப்பு.” அதற்கு மேல் சொல் வராது.

இப்படி நின்ற ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றவர் அவர். ஆனால் எழுதுங்கள் என்று சொன்னதும் அவர்தான். வயது 46. நடவு, களை, மற்ற நாளில் நூறு நாள் வேலை. அரிப்பு தொடங்கி 9 வருடம். பகலில் வேலை ஓட்டத்தில் மறந்திருக்கும், ராத்திரி படுத்ததும் ஆரம்பிக்கும். சொறிந்து சொறிந்து தோல் கிழியும். விடிந்ததும் சிறுநீர் பட்டால், அவர் வார்த்தையில், “மொளகாத் தூளத் தூவுன மாதிரி.”

முதலில் வேப்பிலை வெந்நீர், படிகாரத் தண்ணீர். பிறகு தண்ணீரில் கிருமிநாசினி கலந்து கழுவுவது. அதில் இன்னும் எரிந்தது, ‘கிருமி சாகுது’ என்று இன்னும் கழுவினார். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய படைக் களிம்பு. பிறகு சுகாதார நிலையம். அவர் அரிப்பு என்று சொன்னார், சீட்டில் வெள்ளைப்படுதல் என்று எழுதினார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பொட்டலம் இருக்கிறதல்லவா. பால்வினை நோய்களுக்கு நாடு முழுக்க நிறம் பிரித்த மாத்திரைப் பொட்டலங்கள் உண்டு. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, அடிவயிற்று வலிக்கு மஞ்சள். ஆய்வகம் இல்லாத இடத்திலும் அறிகுறியை வைத்து உடனே மருந்து தரலாம் என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள்கூட நோயாளியைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. அக்காவுக்கு 4 முறை பச்சைப் பொட்டலம் கிடைத்தது. ஒரு முறைகூடப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா” என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் வந்த கேள்வி, “எவன்கிட்ட போய் வாங்கியாந்த?”

39 வயதில் உதிரப்போக்கு அதிகமானது. ஸ்கேனில் நார்க்கட்டி. ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். “அரிப்பும் இதோட போயிடும்மா” என்றார்களாம். உதிரம் நின்றது. அரிப்பு நிற்கவில்லை. சினைப்பை போனதால் மாதவிடாய் ஒரே நாளில் முற்றிலும் நின்று, உடம்பு பற்றியெரிவதும் உள்ளே வறண்டு போவதும் கூடச் சேர்ந்துகொண்டன. அவரும் கணவரும் தனித்தனியாகப் படுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்கு மட்டும்.

கடைசியாக ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மகப்பேறு பிரிவில் ‘தோல் பிரிவுக்குப் போ’, தோல் பிரிவில் ‘இது பொம்பளை நோய், அங்கே போ’. மூன்று முறை மாடி ஏறி இறங்கிய பிறகு, தோல் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் ஓர் இளம் பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, “கால மடக்கிக்கோங்கக்கா, வலிச்சா சொல்லுங்க” என்றார். பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தேகம் தீர ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த மருத்துவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நோயின் பெயர் லைக்கன் ஸ்க்லெரோசஸ். வெள்ளைப்படுதல் இல்லை, மேகம் இல்லை, வெட்டை இல்லை, வெண்குஷ்டம் இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்றுதான் மருத்துவம் நினைக்கிறது. தைராய்டு கோளாறு இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது. யாரிடமிருந்தும் ஒட்டாது, யாருக்கும் ஒட்டாது. அழுக்கால் வருவதில்லை, ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அதிகம் வரும், இடையிலும் வரலாம். வெளித் தோல் வெளுத்து, கசக்கிய காகிதம்போல மெலிந்து, சுலபத்தில் கிழியும். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் சுருங்கி ஒட்டிப்போகும், வாசல் குறுகும். 100 பேரில் 5 பேருக்கும் குறைவானவர்களுக்கு, பல வருடம் கழித்து, அந்த இடத்தில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. ஒழுங்காக மருந்து போட்டுவந்தால் அந்த அபாயமும் குறைகிறது. சிறுமிகளுக்கு வரும்போது பாலியல் வன்முறைக் காயம் என்று தவறாக நினைக்கப்படுவதும் உண்டு. அதற்காக ஒரு குழந்தை எதையாவது சொன்னால் ‘இது தோல் நோய்தான்’ என்று வாயடைத்துவிடவும் கூடாது.

இந்த நோய் சாதி பார்த்து வருவதில்லை. வசதியான வீட்டுப் பெண்களுக்கும், வெளிநாட்டுப் பெண்களுக்கும் இதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் தாமதமாகிறது. ஆக, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். எங்கள் பதில் இது. தாமதம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தத் தாமதத்தை எந்த உடம்பால், எந்த வேலையில், எந்தக் கழிப்பறையோடு தாங்குகிறோம் என்பதில் சாதி இருக்கிறது. முழங்கால் சேற்றில் நாளெல்லாம் ஈரப் பாவாடையோடு குனிந்து நிற்கிற வேலை யாருடையது? வெயில் ஏறுமுன் ஒதுங்கிவிட்டு, பொழுது சாயும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்வது யார்? ஈரமும் உரசலும் சிறுநீரும் இந்த நோயைக் கிளறிவிடுகிறவை. சென்னையில் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் நடைபாதையிலேயே உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர் பெண்களின் படங்களைப் பகிர்ந்தோமே, அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இன்னொன்று, தொடுவது. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் “எந்த ஊரு? ஊரா, காலனியா?” என்று கேட்பார்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சீட்டிலிருந்து நீங்கலாம், கேட்கிறவர் நாக்கிலிருந்து இன்னும் நீங்கவில்லை. 150 பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரையும் படுக்கவைத்துப் பார்க்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஆள் பற்றாக்குறை இருக்கிறது, திரைச்சீலை இல்லை, விளக்கு இல்லை. ஆனாலும் அதே அறையில் சிலரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பார்ப்பதை நாங்கள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். வரப்பிலிருந்து நேராக வந்த, வியர்வையும் சேறும் மணக்கிற ஒரு பெண்ணின் கால்களுக்கு நடுவே குனிந்து பார்க்க மனமில்லாமல் போவதற்கு வேலைப்பளு என்று மட்டும் பெயர் வைக்க எங்களால் முடியவில்லை.

சொல் இல்லாமல் போனதும் தற்செயல் இல்லை. வரப்புத் தகராறில், குழாயடிச் சண்டையில், ஆண்டை வீட்டு ஆள் நம் அம்மாக்களைத் திட்டும்போது முதலில் வாயில் வருவது அந்த உறுப்பின் பெயர்தான். நம் தெருவில் நம் ஆண்கள் வாயிலும் அதேதான். வசையாகவே கேட்டு வளர்ந்த சொல்லை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் ‘அடி’, ‘கீழே’, ‘அந்த இடம்’. கர்ப்பப்பையும் கீழே, சிறுநீர்ப் பாதையும் கீழே, யோனியும் கீழே, வெளித் தோலும் கீழே. யோனி என்பது உள்ளே போகும் பாதை. வெளியே தெரியும் உதடுகளும் தோலும் சேர்ந்த பகுதிக்கு மருத்துவத்தில் வல்வா என்று பெயர். கல்லூரியில் படிக்கும் தோழிகளே, உங்கள் அம்மாவிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். “டாக்டர், உள்ள இல்ல, வெளித் தோல்ல அரிக்குது, வெளுத்திருக்கு, பாருங்க” என்று சொல்லத் தெரிந்தால் பல வருடம் மிச்சமாகும்.

மருந்து என்ன தெரியுமா? ஒரு களிம்பு. க்ளோபெட்டாசால் 0.05 சதவீதம், வீரியமான ஸ்டீராய்டு. நோய் இதுதான் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, பொதுவாக முதல் மாதம் தினமும் இரவு, இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் விரல் நுனி அளவு. 30 கிராம் களிம்பு ஏறக்குறைய இந்த 3 மாதத்துக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகும் அடங்கியது என்று விட்டுவிட முடியாது, சர்க்கரை நோய்போலத் தொடர்ந்து கவனிக்க வேண்டியது. அக்கா களிம்பை வாங்கிய கடையில், “இத அங்கல்லாம் போடக் கூடாதும்மா, ஸ்டீராய்டு” என்று பயமுறுத்தி அனுப்பிவிட்டார்கள். கூட வரும் தாளிலும் பிறப்புறுப்பில் போடாதே என்றுதான் பொதுவாக அச்சடித்திருக்கும். மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. அக்கா 2 மாதம் களிம்பை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

இதில் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இதே வகை ஸ்டீராய்டு களிம்புகள்தான் முகத்தை வெளுப்பாக்க என்று சீட்டே இல்லாமல் கைமாறுகின்றன. 2018-ல் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்த பிறகும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. கறுப்பை வெட்கமாக்கி நம் பிள்ளைகள் முகத்தில் பூச விற்கிற மருந்தை, அது உண்மையிலேயே தேவைப்படுகிற தோலில் போட மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கூடவே இருக்கும் மற்றப் பிரச்சினைகள்தான் ஆளைக் குழப்புகின்றன. சர்க்கரை இருந்தால் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும், ஸ்டீராய்டு போடும்போதும் வரலாம். அரிப்பு திடீரென்று கூடினால் அதற்குத் தனியாக மருந்து எடுக்க வேண்டும், களிம்பைக் குறை சொல்லி நிறுத்தக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அது வேறு, இது வேறு, மருத்துவர் சொன்னால் இரண்டும் போடலாம், ஒன்றுக்குப் பதில் ஒன்றில்லை. கர்ப்பப்பை இறங்கிச் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தால், அதைச் சரிசெய்யாமல் தோல் ஆறாது. நார்க்கட்டியால் உதிரம் அதிகம் போகிறவர்களுக்குத் துணியும் நாப்கினும் உரசியே புண்ணாகும். சோப்பு, கிருமிநாசினி, படிகாரம் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். வேலைக்குப் போகுமுன் வாசலின் மாதிரி ஒன்றை மெல்லப் பூசினால் ஈரமும் சிறுநீரும் நேராகத் தோலில் படாது. ஆறாத புண், கட்டி, தடிப்பு தெரிந்தால் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

கர்ப்பப்பை விஷயத்துக்கு வருகிறோம். எல்லா அறுவையும் வேண்டாதது என்று நாங்கள் சொல்லவில்லை. அக்காவின் நார்க்கட்டிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை. ஆனால் வெளித் தோலின் அரிப்புக்குக் கர்ப்பப்பையை எடுப்பது மருத்துவம் இல்லை. ‘பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?’ என்ற வாக்கியம் யாரிடம் சுலபமாகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019-ல் வெளியே வந்தது. மாதவிடாயால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், அதனால் உறுப்பே போனது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் நடந்த இத்தகைய அறுவைகளைப் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றம் போனார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்பது அந்த வழக்கிலேயே இருக்கிறது. 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, இதற்கான நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று. உங்கள் மாவட்டத்தில் அந்த நெறிமுறை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள்.

இப்போது நம் தோழருக்கு. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி கோரும் தீர்மானம் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் பி.ஜே. ரோஹம், பின்னால் இருந்தவர் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது. பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றிச் சபையில் பேசினால் யார் சிரிப்பார்கள் என்று பாபாசாகேப் கணக்குப் பார்த்திருந்தால் அது அச்சேறியே இருக்காது. பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியது மகளிர் அணிக்கான தனிச் சுற்றறிக்கையில் இல்லை, குடி அரசில். நாமோ, நம் பெண்ணின் உடம்பு பிணமாகக் கிணற்றில் கிடக்கும்போது சாலை மறியல் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். அதே உடம்பு உயிரோடு 9 வருடம் தூங்காமல் கிடந்தால் அது உள்வீட்டு விஷயம். ஊர்க்காரன் சிரிப்பானே என்றால், நம் பெண்களின் மானத்தை நாம் வைத்திருப்பதும் அவன் வைத்த இடத்திலேயேதானா?

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஏற்கெனவே சுகாதார நிலையங்களில் நடக்கிறது. பெண் படுத்திருக்கிறார், விளக்கு இருக்கிறது, செவிலியர் நிற்கிறார். உள்ளே பார்க்குமுன் வெளித் தோலையும் ஒரு நிமிடம் பார்க்கச் செவிலியருக்குப் பயிற்சி கொடுங்கள். சந்தேகமிருந்தால் எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், மாடி ஏறி இறங்க விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறதே, அந்தப் பையில் இந்தக் களிம்புக்கும் இடம் வையுங்கள். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் நாலு பக்கம் தட்டி கட்டிய ஒரு மறைப்பும் ஒரு குடம் தண்ணீரும்.

ஏப்ரல் 14 நோட்டீஸில் வராத அந்த வரியை மனுவாக எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் கொண்டுபோனோம். முதல் கையெழுத்து அக்காவுடையது. களிம்பு போட ஆரம்பித்து 5 மாதமாகிறது. ராத்திரி தூங்குகிறார். ஒட்டிப்போன தோல் பிரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அது அவருக்குத் தெரியும். மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தது பேனாவை மூடிய அதே தோழர்தான். பாதியில் நிறுத்தி, “வல்வான்னே போடவா, தமிழ்ல என்ன போடுறது?” என்று கேட்டார். “அடியில அரிப்புன்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும்” என்றார் அக்கா. அப்படியே போட்டார்.

மனுவைப் பதிவு செய்த அலுவலர் படித்துவிட்டு நிமிரவே இல்லை. எந்தத் துறை என்று அவருக்குத் தெரியவில்லை. சுகாதாரமா, சமூக நலமா, ஆதிதிராவிடர் நலமா என்று பக்கத்து மேசையில் கேட்டுவிட்டு, ‘இதர’ என்று போட்டு ரசீது கொடுத்தார். ரசீது எங்களிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறோம், காலை 9 மணிப் பேருந்து. வர முடிந்தவர்கள் வாருங்கள், ஆண் தோழர்களும்தான்.